காத்துக்கு வைத்த இலை

எங்கள் எஸ்டேட்டில் பேய் என்ற சொல்லைப் பேய்க்குச் சொல்ல மாட்டார்கள். மூன்று நாள் விடாமல் அடித்தால் பேய் மழை. ஐந்து உருண்டை களி தின்கிறவன் பேய்த்தீனிக்காரன். காலையில் மேஸ்திரி சத்தம் போட்டால் "பேயாட்டம் கத்தறான்" என்பார்கள். செத்தவர் திரும்பி வந்தால் மட்டும் அதற்கு வேறு சொல் வைத்திருந்தார்கள். காத்து.

வேலைக்குப் போன புதிதில், எல்லா ஊரிலும் சொல்கிற காத்துக் கருப்புதான் இதுவும் என்று நினைத்தேன். அப்படி இல்லை. காத்துக் கருப்பு யாரை வேண்டுமானாலும் பிடிக்கும், அது யாருடையது என்று யாருக்கும் தெரியாது. வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் குடியிருந்த எஸ்டேட் ஆட்களின் காத்து அவர்களுக்குத் தெரிந்த ஆள். கூட வேலை செய்தவர், பக்கத்துக் கதவில் குடியிருந்தவர். அந்தச் சொல்லைப் பயன்படுத்துவதற்குச் சில முறைகள் இருந்தன. "காத்து வந்துச்சு" என்று ஒருத்தர் சொன்னால் யாருடையது என்று கேட்கக் கூடாது. அதன் பெயரைச் சொல்லக் கூடாது. அது கூப்பிட்டால் திரும்பக் கூடாது. அமாவாசைக்கு வீட்டுக்குப் பின்னால் ஒரு இலையில் சோறு வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும்.

செத்தவர் எல்லாரும் காத்தாகிவிடுவதும் இல்லை. பதினாறாம் நாள் லைன் முழுவதும் சுனைக்கரைக்குப் போவார்கள். மேஸ்திரி செத்தவரின் பெயரைச் சொல்லி மூன்று தரம் கூப்பிடுவார். ஒவ்வொரு தரமும் கொஞ்சம் நின்று கேட்பார்கள். மூன்றாவது தரமும் பதில் இல்லை என்றானதும், "இனி நாங்க கூப்புட மாட்டம், நீயும் கூப்புடாதே" என்று சொல்லிக் குடத்தை உடைப்பார்கள். அதற்குப் பிறகும் வந்தால்தான் காத்து. அதாவது, செத்துப்போனது என்பது அந்தச் சொல்லுக்கு முக்கியமில்லை. கூப்பிட்டு முடித்தாயிற்று என்பதுதான் முக்கியம். இது எனக்குப் புரிய ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

நான் சேலத்துக்காரன். பெயர் மனுவேல். நூல் மில்லில் நான்கு வருடம் ராத்திரி ஷிப்ட் பார்த்தேன். ஒரு நாள் நடுச்சாம இடைவேளையில் டீ குடிக்க வெளியே போனவன் திரும்ப உள்ளே போகவில்லை. பகலில் தூங்குகிற உடம்பு எனக்கு வாய்க்கவில்லை, அவ்வளவுதான். உறவுக்காரர் ஒருவர் சொல்லி ஏற்காட்டில் ரைட்டர் வேலை கிடைத்தது. செம்மநத்தம் போகிற வழியில் இருக்கிற காப்பி எஸ்டேட். காலை ஆறரைக்கு ஆட்கள் கூடுகிற பெரட்டுக் களத்தில் நின்று, செக்ரோல் என்ற ஆள் கணக்கு நோட்டைப் பார்த்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட வேண்டும். "இருக்கனுங்க" என்று பதில் வந்தால் ஒரு கோடு. அதற்குப் பிறகு மேஸ்திரி அண்ணாதுரை ஆட்களைப் பிளாக் பிளாக்காகப் பிரித்து அனுப்புவார். பெயருக்குப் பதில் வராவிட்டால் மூன்று தரம் கூப்பிடுவது வழக்கம். அதையும் யாரோ எனக்கு முன்னால் இருந்தவர் வைத்த வழக்கம்தான்.

மழைக்காலத்துக்கு முன்னால் ஆளுக்கொரு கம்பளி கொடுப்போம். கம்பளியின் மூலையில் சிவப்புப் பெயின்டில் நம்பர் எழுதுவது என் வேலை. எண்பத்து மூன்றாம் வருடம் லைனில் இருந்த கருப்பண்ணனுக்கு வந்தது நாற்பத்தொன்று.

அந்த வருடம் செப்டம்பரில் கருப்பண்ணன் பெண்டாட்டி அருக்காணியோடு சண்டை போட்டுவிட்டு, அவள் நெற்றியை உடைத்துவிட்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு இறங்கிப் போனான். திரும்பி வரவில்லை. தீபாவளி கழிந்து ஏழாம் பிளாக்குக்குக் கீழே உள்ள பள்ளத்தில், ஓடையோரம், ஒரு பிணம் கிடந்தது. பத்து நாளாவது ஆகியிருக்கும். முகம் என்று சொல்ல எதுவும் இல்லை. நரி அதன் வேலையைச் செய்திருந்தது. உடம்பைச் சுற்றிக் கம்பளி. கம்பளி மூலையில் நாற்பத்தொன்று.

போலீஸ்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார். "யாருப்பா இது?"

"கருப்பண்ணன்" என்றேன்.

அருக்காணியைக் கூட்டிவந்தார்கள். அவள் கம்பளியை மட்டும் பார்த்தாள். "கம்பளி அவருதுதானுங்க" என்றாள். அவள் சொன்னது அவ்வளவுதான். கம்பளிக்குள் இருப்பது கருப்பண்ணன் என்று சொன்னது நான். நான் எழுதிய நம்பர், நான் வைத்திருந்த நோட்டு. எனக்குச் சந்தேகமே வரவில்லை. மேஸ்திரி கொள்ளிக்கு ஏற்பாடு செய்தார். பதினாறாம் நாள் சுனைக்கரையில் மூன்று தரம் கூப்பிட்டார்கள். நானும் போய் நின்றேன். பனி மூடியிருந்தது. மூன்றாவது தரம் கூப்பிட்டுவிட்டு நின்றபோது தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. குடம் உடைந்தது. செக்ரோலில் நாற்பத்தொன்றாம் பெயரின் மேல் கோடு இழுத்தேன்.

இறங்கிப் போய்ப் பதினாலு மாதம் கழித்து, எண்பத்து நாலு நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பன்னிரண்டு மணி பஸ்ஸில் கருப்பண்ணன் வந்து இறங்கினான்.

அன்று லைனில் ஒழுகுகிற ஓடுகளைப் பார்க்கப் போயிருந்தேன். மலையில் மதியப் பனி இறங்கினால் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. அந்த வெள்ளைக்குள்ளிருந்து ஒரு ஆள் வந்தான். தாடி, ரெக்சின் பை. லைன் நாய் குரைத்துக்கொண்டே ஓடிப் போனது, பிறகு வாலை ஆட்டியது. குழாயடியில் குடம் பிடித்துக்கொண்டிருந்த ராசாத்தி நிமிர்ந்து பார்த்தாள். அவள் வாய் ஓயாத பொம்பளை. அன்றைக்கு மூன்றே வார்த்தைதான் சொன்னாள், லைன் முழுக்கக் கேட்கும்படி.

"காத்து வந்துருக்குது, சாமியோவ்."

கதவுகள் சாத்தப்பட்டன. யாரும் ஓடவில்லை, அலறவில்லை. மழை வந்தால் துணி எடுப்பதுபோல், தெரிந்த வேலையைச் செய்வதுபோல், ஒவ்வொரு கதவாக. அருக்காணி வாசலுக்கு வந்தாள். கையில் முறம். அவனை நன்றாகப் பார்த்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

"அருக்காணி" என்றான். பதில் இல்லை. கதவைத் தட்டினான். இரண்டாம் தரம் கூப்பிட்டான், மூன்றாம் தரம் கூப்பிட்டான். பிறகு என் பக்கம் திரும்பினான். கூரை ஓரம் ஏணியில் நின்றிருந்த நான் ஒருத்தன்தான் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதவன்.

"ரைட்டருங்க, என்னங்க இது? கோவம்னா ரெண்டு பேச்சுப் பேசிட்டுக் கதவத் தொறக்கறதுதானே?"

நான் இறங்கி வந்தேன். முதலில் என் வாயில் வந்த கேள்வி இதுதான்: "கம்பளி எங்க?"

"எந்தக் கம்பளி? ஓ, அதுங்களா? அடிவாரத்துல பஸ்ஸுக்கு நிக்கறப்போ ஒருத்தன் நடுங்கிட்டிருந்தானுங்க. மேல ஏறப் போறன்னான். ஒரு கிளாஸ் சாராயம் வாங்கிக் குடுத்தான், கம்பளியக் குடுத்துட்டேன். ஏனுங்க, அதுக்கா இத்தன பேரும் மூஞ்சியத் திருப்பறாங்க?"

"அவன் பேரென்ன?"

"கம்பளி குடுக்கறதுக்குப் பேரெல்லாம் கேப்பாங்களா?"

குடகில் ஒரு எஸ்டேட்டில் வேலை பார்த்தானாம். கடுதாசி போடத் தெரியாது, போட வேண்டும் என்றும் தோன்றவில்லை. நான் நடந்ததைச் சொன்னேன். அவன் முதலில் சிரித்தான். நாயைத் தடவிக்கொண்டே சிரித்தான். பிறகு சாத்தியிருந்த கதவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு நிறுத்தினான்.

அன்று சாயந்தரம் மேஸ்திரி அண்ணாதுரையிடம் போனேன். அவருக்கு ஐம்பது வயது இருக்கும். நியாயமான மனிதர்.

"மேஸ்திரி, அது கருப்பண்ணன்தான். என்னோடதான் தப்பு. கம்பளிய வெச்சு..."

"பேரச் சொல்லாதீங்க."

"கால் இருக்குதுங்க. நான் பார்த்தேன்."

"இருந்துட்டுப் போவட்டும். கால் இல்லாமலா பஸ் ஏறி வரும்?"

"பீடி கேட்டான்."

"காத்து பீடியுங் கேக்கும், சாராயமுங் கேக்கும். உசுரோட இருந்தப்ப கேட்டதத்தானே கேக்கும்?"

"நாய் வாலாட்டுச்சு மேஸ்திரி."

"நாய்க்குப் பதினாறாம் நாளெல்லாம் தெரியுங்களா?" என்றார். பிறகு குரலைத் தணித்தார். "ரைட்டரே, நீங்க வேற சாமி கும்படறவரு. நான் சொல்றதக் கேளுங்க. மூணு தரம் கூப்புட்டோம். வல்ல. அத்தன பேரும் நின்னு கேட்டோம். இப்ப வந்து நான்தான்னா, அன்னைக்குக் கூப்புட்டது என்னாவுறது? நாளைக்கு ஒவ்வொருத்தன் ஊட்டுலயும் செத்தது வந்து நிக்கும்."

கருப்பண்ணன் செம்மநத்தத்தில் பொன்னுவேல் என்ற விவசாயியின் காட்டில் வேலைக்குச் சேர்ந்தான். அவர்கள் மலைக்காரர்கள், எங்கள் லைன் வழக்கத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. மூன்று மைல் தள்ளி அவன் ஆள். கொட்டகையில் படுத்தான், ராகி அறுத்தான், திட்டு வாங்கினான். இங்கே வந்தால் காத்து. அவன் ஒரு நாள் விடாமல் இங்கே வந்தான்.

வந்து லைனுக்குப் பின்னால் பலா மரத்தடியில் உட்காருவான். அங்கே ஒரு தட்டைக் கல் இருந்தது. அருக்காணி வேலை முடிந்து வந்து சமைத்து, ஒரு இலையில் சோறு கொண்டுபோய் அந்தக் கல்லில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வருவாள். அவள் உள்ளே போனதும் அவன் தின்பான். அமாவாசைக்கு வைக்கிற இலை. அவள் தினமும் வைத்தாள்.

ராசாத்தி விடுவாளா? "அருக்காணி ஊட்டுல தெனமும் அமாவாசதான்" என்பாள். "நேத்துக் கருவாட்டுக் கொழம்பு வேற. எங்கூட்டுக் காத்து பாவம், வருசத்துக்கு ஒருக்கா பழைய சோறு தின்னுட்டுப் போவுது. அதுக்கு நாக்கு செத்துப்போச்சு." எல்லாரும் சிரிப்பார்கள். அருக்காணியும் சிரிப்பாள். பத்தடி தள்ளி அவன் இலையை வழித்துக்கொண்டு இருப்பான். அந்தச் சிரிப்பு அவனுக்குக் கேட்கும்.

ஒரு நாள் பழம் எடுக்கிற இடத்தில் அருக்காணியிடம் நேராகவே கேட்டேன். அவள் கையை நிறுத்தவில்லை. கிளையை வளைத்துச் சிவந்த பழங்களை மட்டும் உருவிக் கூடையில் போட்டுக்கொண்டே பேசினாள்.

"அருக்காணிக்கா, உங்களுக்குத் தெரியும். அது காத்து இல்ல."

"ஆரு சொன்னா?"

"நான் சொல்றேன்."

"நீங்க அன்னைக்குப் பள்ளத்துலயுந்தான் சொன்னீங்க."

அவள் அடுத்த கிளையைப் பிடித்தாள். "அவரு இருந்தப்போ அருவாமனையத் தலமாட்டுல வெச்சுட்டுத்தான் படுப்பனுங்க. பதினாலு மாசமா அதச் சமையக்கட்டுல வெச்சிருக்கேன். நல்லாத் தூங்கறேன். எம்புள்ள கண்ணம்மாளும் நல்லாத் தூங்குது."

"அப்புறம் எதுக்குத் தினமும் இலை?"

"காத்துக்குப் பசிக்காதுங்களா?" என்றாள். அடுத்த செடிக்கு நகர்ந்து, "ஆளா இருந்தா ஊட்டுக்குள்ள உட்டாவணும். காத்துன்னா எல வெச்சாப் போதும்" என்றாள்.

நம்புவது நம்பாதது எதுவும் இதில் இல்லை என்று அப்போது தெரிந்தது. அவள் அந்தச் சொல்லைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுகிற மாதிரி போட்டிருந்தாள். தாழ்ப்பாளுக்கு அடியில் சோறு தள்ளிக்கொண்டிருந்தாள். எனக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. அவன் மேல் இரக்கமும் அவ்வளவாக வரவில்லை. ஆனால் அவனைக் காத்தாக்கியது நான்.

அவனுக்கும் அது தெரியும். டிசம்பர் முதல் வாரத்தில், பழத்தின் தோலை உரிக்கிற பல்பர் கொட்டகைக்குப் பின்னால் என்னைப் பிடித்தான். இருமிக்கொண்டிருந்தான்.

"ரைட்டருங்க, நான் யோசன பண்ணி வெச்சிருக்கேன். நீங்க பெரட்டுல என் பேரக் கூப்புடுங்க. நான் 'இருக்கனுங்க'ம்பேன். அத்தன பேரு காதுலயும் உழும். கூப்புட்டாங்க, பதில் வந்துச்சு. அப்புறம் எப்புடிக் காத்துங்கறது?"

"மேஸ்திரி சண்டைக்கு வருவாரு."

"வரட்டும். பேரு கூப்புடறது மேஸ்திரியா, நீங்களா? நீங்கதானே என்னையச் சாவடிச்சீங்க, நீங்களே எழுப்பி உடுங்க." அதையும் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். "ஊட்டுக்குள்ள உடலீனாலும் போவட்டுங்க. அவ எம்மேல கோவமா இருக்கறா, இருக்கட்டும். ஆனா ஆளுன்னு நெனச்சுக் கோவமா இருக்கோணும். எல வெச்சுட்டுத் திரும்பிப் பாக்காமப் போறாளுங்க. அது முடியலீங்க."

"சரி, கூப்பிடறேன்" என்றேன்.

"அதுவரைக்கும் ஒரு கம்பளி குடுங்க. கொட்டாயில குளுரு நொம்ப."

"செக்ரோல்ல பேர் இருந்தாத்தான் கம்பளி" என்றேன். அது விதி. ஸ்டோரில் ஆறு கம்பளி மிச்சமிருந்தது.

மறுநாள் காலையில் களத்தின் ஓரத்தில் சில்வர் ஓக் மரத்தடியில் வந்து நின்றான். பனிக்குள் ஒரு நிழலாகத் தெரிந்தான். நாற்பது வரை கூப்பிட்டேன். நாற்பத்திரண்டுக்குத் தாண்டினேன். அத்தனை பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது போல் இருந்தது. கூட்டம் கலைந்த பிறகும் அவன் நின்றான். "நாளைக்குங்க" என்று அவனே சொல்லிவிட்டுப் போனான். இப்படி ஏழு நாள். ஏழு நாளும் விடியும் முன் செம்மநத்தத்தில் கிளம்பி, பள்ளத்தின் விளிம்போடு வரும் குறுக்குப் பாதையில் வந்து நின்றான். ஏழு நாளும் நாற்பதுக்குப் பிறகு நாற்பத்திரண்டு.

எட்டாம் நாள் செவ்வாய்க்கிழமை. முந்தின சாயந்தரம் அவன் இருமலைக் கேட்டிருந்தேன். இலையை எடுக்கும்போது அவன் கை ஆடியது. நாளைக்குக் கட்டாயம் என்று சொல்லியிருந்தேன். அன்று பனி என் நோட்டையே நனைத்தது. சில்வர் ஓக் மரம் இருக்கிற இடம் தெரியவில்லை. நாற்பது முடிந்தது.

"கருப்பண்ணன்."

ஒரு பொம்பளை மூச்சை இழுத்தாள். மேஸ்திரி என் கையைப் பிடித்தார். நான் உதறினேன்.

"கருப்பண்ணன்."

அருக்காணி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, மரம் இருக்க வேண்டிய பக்கத்தைப் பார்த்தாள். முதல் முறையாகத் திரும்பிப் பார்த்தாள்.

"கருப்பண்ணன்!"

இலைகளில் இருந்து தண்ணீர் சொட்டியது. சுனைக்கரையில் கேட்ட அதே சத்தம். நான் நடந்து போய் மரத்தடியைப் பார்த்தேன். யாரும் இல்லை. ஈரமண்ணில் நேற்றைய கால்தடங்கள் இருந்தன, அல்லது அப்படித் தெரிந்தது.

"பாத்தீங்களா?" என்றார் மேஸ்திரி. திட்டவில்லை. என் தோளைத் தட்டிக்கொடுத்தார். "கூப்புட்டா அதால பதில் சொல்ல முடியாதுங்க. எங்களுக்குத் தெரியாமலா சொன்னோம்?"

என்ன நடந்தது என்று சரியாகச் சொல்கிறேன். ஒரு மாதமாக அந்த லைனில் நம்பாதவன் நான் ஒருத்தன்தான். அவனோடு பேசினேன், பீடி கொடுத்தேன், இருமலைக் கேட்டேன். என் வாயால் மூன்று தரம் கூப்பிட்டு, வருகிறேன் என்று சொன்னவனிடமிருந்து பதில் வராமல் போனதும் எனக்குள் ஏதோ கழன்றது. ஒரு மாதமாக நான் யாரிடம் பேசிக்கொண்டிருந்தேன் என்று கேட்டுக்கொண்டேன். அவனைத் தொட்டதுண்டா என்று யோசித்தேன். தொட்டதில்லை.

அன்று ஏழாம் பிளாக்கில் பழம் எடுப்பு. இரண்டு மணிக்குப் பனி கெட்டியாக இறங்கியது. ராசாத்தி கூடையைப் போட்டுவிட்டு மேலே ஓடிவந்தாள்.

"ரைட்டருங்க, காத்து கூப்புடுதுங்க. பள்ளத்துல இருந்து. நான் இனி கீழ எறங்க மாட்டேன்."

நான் இறங்கிப் போனேன். கடைசி வரிசைச் செடிக்கு அப்பால் சரிவு. அங்கே பெண்கள் முதுகைக் காட்டிக்கொண்டு கும்பலாக நின்றார்கள். அருக்காணி மட்டும் பள்ளத்தைப் பார்த்து நின்றாள். நான் நின்று கேட்டேன். முதலில் ஓடைச் சத்தம். பிறகு கீழே, தூரத்தில், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல்.

"அருக்காணி..."

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு, "ரைட்டரே..."

என் பெயர் இல்லைதான், என் வேலை. ஆனால் என்னைத்தான்.

அருக்காணி என் பக்கத்தில் வந்தாள். அவள் முகத்தில் அப்போது இருந்ததை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. மெதுவாகக் கேட்டாள், மற்றவர்களுக்குக் கேட்காமல்.

"நீங்க படிச்சவரு. இவங்களாட்டம் இல்ல. சொல்லுங்க. அது காத்துங்களா, ஆளுங்களா?"

அவள் இறங்கத் தயாராக இருந்தாள். புடவையை இழுத்துச் செருகியிருந்தாள். ஆள் என்று நான் சொல்லியிருந்தால் போயிருப்பாள்.

"காத்துதான்" என்றேன்.

ஒருத்தனைக் காத்து என்று நான் வாயால் சொன்னது அந்த ஒரு தரம்தான். சரியான முறையில்தான் சொன்னேன். யாருடையது என்று சொல்லவில்லை, பெயர் சொல்லவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை. மேலே ஏறி வந்தேன். அருக்காணி எனக்குப் பின்னால் ஏறி வந்தாள்.

மறுநாள் ஏழாம் பிளாக்குக்குப் போக யாரும் தயாராக இல்லை. ஆளை மாற்றலாமா என்று மேஸ்திரி கேட்டார். மாற்றினேன். எல்லாரையும் மலைக்கு அந்தப் பக்கம் மூன்றாம் பிளாக்குக்கு அனுப்பினேன். அங்கே பள்ளத்துச் சத்தம் எதுவும் கேட்காது.

வியாழக்கிழமை மதியம் செம்மநத்தத்திலிருந்து பொன்னுவேல் வந்தார். தலையில் துண்டு, கையில் கொடுவாள். "ஏனுங்க, எங்காட்டுல வேல செஞ்ச ஆளு ஒருத்தன் செவ்வாக்கிழம வெடியக் காலம் இந்தப் பக்கம் வந்தான். வரவே இல்ல. நேத்துப் பூராவும் வருவான்னு பாத்துட்டு இன்னைக்குத் தேடி வந்தனுங்க. பள்ளத்துல கெடக்கறான்."

போன தடவை வந்த போலீஸ்காரர் இல்லை, வேறு ஒருவர். இந்தப் பிணத்துக்கு முகம் இருந்தது. கண் பாதி திறந்திருந்தது. வலது கால் முழங்காலுக்குக் கீழே வேறு பக்கம் திரும்பியிருந்தது. உதட்டோரம் காப்பிப் பழத் தோல் ஒட்டியிருந்தது.

"பாதையில இருந்து சறுக்கியிருக்கான்" என்றார் போலீஸ்காரர். "கால் ஒடிஞ்சிருக்கு. விழுந்த எடம் அங்க. அங்கிருந்து இங்க வரைக்கும் இழுத்துட்டு வந்திருக்கான், பாருங்க. நேத்து சாயந்தரம் வரைக்கும் உசுரு இருந்திருக்கும். ஒரு போர்வகூட இல்லாம இந்தக் குளிர்ல... கத்தியிருப்பானே. மேல வேல நடக்கலையா?"

மேஸ்திரி ஓடையைப் பார்த்தார். ராசாத்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"பேரென்ன?" என்று போலீஸ்காரர் பொன்னுவேலிடம் கேட்டார்.

"தெரியாதுங்க. நாங்க தாடின்னு கூப்புடுவம். முன்ன இந்த எஸ்டேட்டுல இருந்தவன்னான். ரைட்டருக்குத் தெரியும்னான்."

போலீஸ்காரர் என்னைப் பார்த்தார். "தெரியுமா?"

முதல் தடவை முகம் இல்லாத ஒருத்தனுக்குப் பெயர் கொடுத்தேன். அப்போது தயக்கமே இல்லை. இப்போது முகம் எனக்கு முன்னால் இருந்தது. பெயரைச் சொன்னால், போன வருடம் எரித்தது யாரை என்று கேட்பார்கள். நான் அன்று அடையாளம் சொன்னது பொய் என்று ஆகும். வேலை போகும், இன்னும் என்னென்னவோ போகும். அருக்காணிக்காகப் பார்த்தேன், அவள் பெண்ணுக்காகப் பார்த்தேன் என்றெல்லாம் பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டதுண்டு. அப்போது நினைத்தது என் வேலையை மட்டும்தான்.

"தெரியல" என்றேன்.

"உடம்புல நம்பர் கிம்பர் எதாவது இருக்கா பாருங்க. எஸ்டேட் கம்பளி, சட்டை..."

"எதுவும் இல்லைங்க."

பெயர் தெரியாத ஆண், வயது நாற்பது என்று எழுதிக்கொண்டார். பிறகு பொது இடுகாட்டில் புதைத்தார்கள். பொன்னுவேல் மட்டும் கூடப் போனார். லைனில் இருந்து யாரும் போகவில்லை. கூப்பிட்டு முடித்த ஆளுக்கு இரண்டாம் தரம் செய்ய வழக்கம் இல்லை.

இரண்டு பேர் செத்திருக்கிறார்கள். கம்பளிக்காக ஒரு கிளாஸ் சாராயம் வாங்கிக் கொடுத்தவன் கருப்பண்ணன் என்ற பெயரில் எரிந்தான். அவனை யாரும் எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை. அவன் வரவில்லை என்பதால் அவன் காத்து அல்ல. கருப்பண்ணன் பெயர் இல்லாமல் மண்ணுக்குள் போனான். லைன்காரர்களிடம் இந்த இரண்டு பேருக்கும் சொல் எதுவும் இல்லை. என்னிடமும் இல்லை.

பிணத்தை எடுத்த அந்த வியாழக்கிழமை சாயந்தரமே லைனுக்குப் போனேன். அருக்காணி பள்ளத்துக்கு வந்திருக்கவில்லை. அவளிடம் யாரும் எதையும் சொல்லவில்லை என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். நானும் சொல்லப் போகவில்லை. எதற்குப் போனேன் என்று எனக்குத் தெரியாது.

அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கருவாடு வாசனை வந்தது. கண்ணம்மாள் வாசலில் உட்கார்ந்து தலை பின்னிக்கொண்டிருந்தாள். நான் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன். பலா மரத்தடிக் கல்லில் முந்தாநாள் வைத்த இலையும் நேற்று வைத்த இலையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. சோறு காய்ந்து எறும்பு மொய்த்திருந்தது. நாய் பக்கத்தில் படுத்திருந்தது, தொடவில்லை. இன்றைய இலை இல்லை.

அருக்காணி பின்கதவில் வந்து நின்றாள். கையில் சட்டி கழுவிய தண்ணீர். அதை வாழை மூட்டில் ஊற்றினாள்.

இருட்டிக்கொண்டு வந்தது. நான் ஏதாவது பேச வேண்டியிருந்தது.

"இன்னைக்கு இலை வெக்கலையா?"

அவள் என்னையே பார்த்தாள்.

"ஆருக்குங்க?" என்றாள்.

பிறகு நடந்து வந்து, கல்லில் கிடந்த இரண்டு இலைகளையும் சுருட்டி எடுத்து, தூரப் போட்டுவிட்டு, கல்லைக் கழுவினாள்.